பஞ்சு விரல்

பேருந்து கிளம்பிப் பத்து நிமிடம் ஆகவில்லை, பட்டறை அலுவலகத்து ஹிதாகா பீர் டப்பாக்களை எடுத்துக்கொண்டு இருக்கை இருக்கையாக வர ஆரம்பித்துவிட்டான். காலை எட்டு மணி. குரனாகா தொகுஜிக்கு முன்னால் வந்ததும் குனிந்து, மூடியைத் தானே உடைத்துக் கொடுத்தான். வேறு யாருக்கும் அப்படித் திறந்து கொடுக்கவில்லை. தொகுஜி வலது கையால் வாங்கிக்கொண்டார், இடது கை கால்சட்டைப்பைக்குள் இருந்தது. அலுவலகக்காரன் காரணமில்லாமல் குனியமாட்டான் என்பது இந்த அறுபத்தேழு வயதுக்குள் அவர் கற்றுவைத்திருந்த சொற்பப் பாடங்களில் ஒன்று.

பேருந்தின் பின்சீட்டில் ஒரு பேனர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. விபத்தில்லாத ஆயிரம் நாட்கள் என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஆயிரத்துக்குத்தான் இந்தச் சுற்றுலா. பம்புகளுக்கு வார்ப்படம் வார்க்கும் அந்தப் பட்டறையில் முப்பத்தெட்டு பேர். வாசல் கம்பத்தில் ஒரு பலகை உண்டு, தினமும் காலையில் ஹிதாகா வந்து விபத்தில்லாத நாட்களின் எண்ணிக்கையை மாற்றுவான். ஜூலை மாதம் ஒருநாள் அதில் தொள்ளாயிரத்துப் பதினேழு என்றிருந்தது. அன்று மதியம் தொகுஜியின் இடது மோதிரவிரல் சாணைச் சக்கரத்துக்கும் அதன் தாங்கிக்கும் நடுவே போய்விட்டது. அடியில் ஒரு கணு மட்டும் மிச்சம்.

சோதனைப் பகுதியில் வேலை பார்க்கும் சுமியே தன் கழுத்துத் துண்டை உருவிக் கையில் சுற்றினாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட யாரோ ஓடியபோது ஹிதாகா தடுத்துவிட்டான். தன் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரிக்கு முந்தைய திருப்பத்தில் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"குரனாகா-சான், வீட்டுத் தோட்டத்துல புல்லு வெட்டும்போது மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க. மார்ச்சுல உங்க ஒப்பந்தம் புதுப்பிக்கணும் இல்லையா. நான் பாத்துக்கறேன்."

தொகுஜி இருப்பது மூன்றாவது மாடி. ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. இருந்தாலும் டாக்டரிடம் தோட்டம் என்றுதான் சொன்னார். அறுபது வயதுக்கு மேல் வருடத்துக்கு ஒரு ஒப்பந்தக் காகிதம். அந்தக் காகிதம் வராவிட்டால் அவரைச் சேர்த்துக்கொள்ள அந்த ஊரில் ஆள் இல்லை. காயத்துக்குள் அப்பியிருந்த கரிய இரும்புத் தூளை டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோட்டம் என்றே எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஹிதாகா மரப்பெட்டியில் வைத்த முலாம்பழம் ஒன்றைக் கொண்டுவந்து, வாசலிலேயே இடுப்பை மடித்து வணங்கிவிட்டுப் போனான். தொகுஜி அதைத் தின்றார். நன்றாக இனித்தது. அதுதான் இன்றுவரை அவருக்கு ஆறவில்லை. நான்காம் நாள் கட்டோடு வேலைக்குப் போனார். பலகையில் தொள்ளாயிரத்து இருபது.

எரிமலையின் அடிவாரத்தில் மதியச் சாப்பாடு. மாவு உருண்டை போட்ட சூப், கடுகுக்கீரைச் சோறு. முதலாளி முதல் மேஜையில் உட்கார்ந்து சிவந்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். சுமியே தன் தட்டை எடுத்துவந்து தொகுஜிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"முலாம்பழம் இனிச்சுதா?" ஜூலையிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்கிறாள்.

"இனிச்சுது. அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. என் துண்டு இன்னும் வரல."

"கறை போகல. எம்பொண்டாட்டி தூக்கிப் போட்டுட்டா."

"அப்போ துண்டும் இல்ல, விரலும் இல்ல. ஒண்ணுமே நடக்கலைன்னு அவன் சொல்றது சரிதான் போல."

"நீ மட்டும் வாயத் திறந்தியா?"

சுமியே சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "திறக்கல. எனக்கும் மார்ச்சுதான், தொகு-சான்."

அப்போது ஹிதாகா வந்தான். ஒரு பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் நீட்டினான். உள்ளே புது வெள்ளைக் கையுறைகள்.

"மேல குரூப் போட்டோ எடுக்கறோம். வயசுல மூத்தவங்க பேனரோட ஒரு முனை, புதுசா சேர்ந்தவங்க இன்னொரு முனை. முதலாளி நடுவுல. பாராட்டுப் பத்திரத்துக்கு அனுப்பற படம், அதனால..." மீதியை அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை என்பதுபோல் குனிந்துவிட்டுப் போனான்.

பேருந்து வளைந்து வளைந்து ஏறும்போது தொகுஜி உறையைப் பிரித்தார். வலது கையுறை சரியாக ஏறியது. இடதைப் போட்டபோது மோதிரவிரல் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ முட்டியது. கழற்றிப் பார்த்தார். அந்த ஒரு விரலுக்குள் பஞ்சு அடைத்திருந்தது. கணு வரைக்கும் அளவு பார்த்து அடைத்து, உதிர்ந்துவிடாமல் உட்பக்கமாகத் தையல் போட்டிருந்தது. நெருக்கமான, நேர்த்தியான தையல்.

அவருக்குக் காது சூடேறியது. சக்கரத்துக்கும் தாங்கிக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது, சரிசெய்யுங்கள் என்று மே மாதம் ஒரு தடவை சொன்னார். ஜூன் மாதம் ஒரு தடவை சொன்னார். பார்க்கலாம் என்றார்கள். ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும் அதற்கு. இன்றைக்கும் அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கிறது, வேறொருவன் அதில் வேலை செய்கிறான். ஆனால் இந்தக் கையுறைக்கு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். ஊசியில் நூல் கோத்து, கோணலாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, அழுத்தி நேராக்கித் தைத்திருக்கிறான். நேரம் இல்லாமல் இல்லை, மனசு இல்லாமலும் இல்லை. எல்லாம் இருந்திருக்கிறது, விரல் போன பிறகு.

எரிமலை விளிம்பில் புல் பூண்டு எதுவும் இல்லை. கரிச்சாம்பல் தரை, திடீரென்று கல் பறந்தால் ஒதுங்கிக்கொள்ளக் கான்கிரீட் கூண்டுகள், கம்பிவேலி. வேலிக்கு அப்பால் கீழேயிருந்து வெள்ளைப் புகை குமுறிக்கொண்டு வந்தது. தீப்பெட்டியை மொத்தமாகக் கொளுத்திய மாதிரி நெடி. காவலாளி ஒருவர் ஒலிபெருக்கியோடு நின்றிருந்தார். கம்பத்தில் மஞ்சள் விளக்கு.

வரிசை நின்றது. முதலாளி நடுவில். பேனரின் வலது முனையை ஏப்ரலில் சேர்ந்த பெண் பிடித்தாள், இடது முனையைத் தொகுஜி பிடித்தார். ஹிதாகா கேமராவைக் கண்ணில் வைத்தான்.

காற்று திரும்பியது. புகை வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் சாய்ந்தது. முதலாளி இருமினார். கம்பத்தில் விளக்கு சிவப்பானது, கூடவே சங்கு ஊதியது. "வாயு வருது. எல்லாரும் உடனே வண்டிக்குத் திரும்புங்க" என்றார் காவலாளி.

"ஒரே நிமிஷம், ஒரே ஒரு படம்" என்று ஹிதாகா கையை உயர்த்திக் கெஞ்சினான்.

அந்த நேரத்தில்தான் தொகுஜி பல்லால் இடது கையுறையைக் கடித்து இழுத்தார். அது கழன்று விழுந்தது, காற்று கொண்டுபோனது. நான்கு விரலும் ஒரு மொட்டைக் கணுவுமாக பேனரின் மேல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார், விபத்தில்லாத என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே.

ஹிதாகா கேமராவைக் கீழே இறக்கினான். "குரனாகா-சான், கையுறை."

"கழட்டிட்டேன்."

"போட்டுக்குங்க. தயவுசெஞ்சு."

"எனக்கு அதுல இடமில்ல. ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான்."

ஹிதாகா காற்றில் போன கையுறையைத் தேடினான். அவன் கண்ணில் நீர். வாயுவாலா வேறெதனாலா, தொகுஜிக்குத் தெரிந்துகொள்ளும் ஆசை இல்லை.

"எடுங்க ஹிதாகா-சான், மூச்சு முட்டுது" என்று பின்வரிசையிலிருந்து சுமியேவின் குரல் வந்தது. யாரும் எதிர்பார்க்காத அளவுக்குச் சத்தமாக.

"சீக்கிரம் எடுத்துத் தொலைப்பா" என்றார் முதலாளி, கைக்குட்டைக்குள்ளிருந்து.

ஒரு தடவை சொடுக்கியது. இரண்டாவது எடுக்கக் காவலாளி விடவில்லை.

எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியைப் பார்த்து ஓடினார்கள். பேனர் சாம்பலில் கிடந்தது. தொகுஜி ஓடவில்லை. அவர் மார்ச் மாதத்தை நினைத்தார், பிறகு திரும்பிப் பார்த்தார். கையுறை கம்பிவேலியில் சிக்கியிருந்தது. காற்றடித்தபோதெல்லாம் மற்ற விரல்கள் துவண்டு துவண்டு அடித்துக்கொள்ள, பஞ்சு விரல் மட்டும் மடங்காமல் பள்ளத்தைப் பார்த்து நேராக நீட்டிக்கொண்டிருந்தது.