பச்சைத் தொப்பி வீட்டுச் சம்பந்தம்

காரில் ஏறும்போதே திருமூர்த்தி சொல்லிவிட்டார். வீட்டைப் பார்ப்போம், மனிதர்களைப் பார்ப்போம், மரியாதையாக நாலு வார்த்தை பேசுவோம். ஆனால் கை மட்டும் நனைக்கக் கூடாது. பேசி முடிக்காத சம்பந்தி வீட்டில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாலும் பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று ஆகிவிடும். காஞ்சிபுரத்தில் அவருடைய அப்பா காலத்தில் இருந்த முறை அது. நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டதால் அது மாறிவிடாது.

"அவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுப்பா," என்றாள் விஷாகா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நமக்குத் தெரியுமில்ல."

பின் சீட்டில் அவர் மனைவி பர்வதம் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு பொட்டலம் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கணவனும் மனைவியும் பிஸ்கட்டவே என்ற ஊரில் இருக்கும் மகளின் அபார்ட்மென்ட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. விஷாகாவுக்கு இருபத்தொன்பது வயது. மருந்துக் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் வேலை. அதே ஆபீசில் வேலை பார்க்கும் பிரெண்டன் ஹாலரன் என்ற ஐரிஷ் வம்சத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாகப் போன தீபாவளிக்குப் போனில் சொன்னாள். திருமூர்த்தி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு அவளே ஒரு வாக்குக் கொடுத்தாள்: நீங்கள் வந்து பாருங்கள், வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுகிறேன். அவள் வாக்குத் தவற மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் எழுபத்தொரு வயதில் இருபது மணி நேரம் விமானத்தில் முட்டி மடக்கி உட்கார்ந்து வந்தார்.

பையனின் பெற்றோர் குறித்துக் கொடுத்த நாள் மார்ச் பதினேழு, சனிக்கிழமை. ஐரிஷ்காரர்கள் கொண்டாடும் புனிதரின் திருநாளாம். நல்ல நாளில்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. வெள்ளை வேட்டி சரிப்படாது என்பதால் சாம்பல் நிறக் கோட்டு, நெற்றியில் திருநீறு, கையில் அவர்களுக்குக் கொடுக்க ஒரு வெள்ளிக் கிண்ணம். திருநாள் என்றால் பூஜை இருக்கும், பெரியவர்கள் இருப்பார்கள், முன்னோரைப் பற்றி நாலு பேச்சு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனார்.

அந்தத் தெருவில் முந்தின நாள் கொட்டிய பனியை இரு பக்கமும் அழுக்குச் சுவராக வாரிக் குவித்திருந்தார்கள். காரை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நாய். கழுத்திலிருந்து வால் வரை, அந்தத் திருநாளின் நிறமான பச்சைச் சாயம் பூசியிருந்தது. அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவருடைய பேன்ட்டில் உரசிவிட்டுப் போனது.

கதவைத் திறந்தவர் பையனின் அப்பா, தீயணைப்புத் துறையில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்றவர். ஆறடி உயரம், நரைத்த மீசை. நல்ல களையான முகம்தான். அந்த முகத்துக்கு மேலே ஒரு முழ உயரத்துக்குப் பச்சை பிளாஸ்டிக் தொப்பி, தொப்பியைச் சுற்றி மினுக்கும் விளக்கு. சம்பந்தம் பேச வரும் ஆளை இப்படி ஒரு கோலத்தில் வரவேற்கலாம் என்று எந்த மனிதனுக்குத் தோன்றும்? கும்பிடப் போன கையைத் திருமூர்த்தி பாதியிலேயே இறக்கிவிட்டார்.

உள்ளே இன்னும் மோசம். கூடம் நிறைய ஆட்கள். எல்லார் கழுத்திலும் பச்சை மணிமாலை, கையில் பச்சை பீர். மேஜையில் பச்சை நிற ரொட்டி வளையங்கள், பூஞ்சை பூத்த மாதிரி. அடுப்படியிலிருந்து மாட்டிறைச்சியும் கோஸும் சேர்ந்து வேகும் வாடை திரைச்சீலை வரை ஏறியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஆரஞ்சு நிறத் தாடி ஒட்டிக்கொண்டு, ஐரிஷ் கதைகளில் வரும் குள்ளன் மாதிரி முட்டி போட்டுக் குதித்துக் குதித்து வந்து, விஷாகாவின் சுடிதாரில் ஒரு பட்டனைக் குத்திவிட்டார். 'நான் ஐரிஷ், எனக்கு முத்தம் கொடு' என்று அதில் எழுதியிருந்தது. விஷாகா சிரித்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. பட்டனைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

குடிப்பவர்களைத் திருமூர்த்தி பார்க்காதவர் அல்ல. தன் குலத்தின் திருநாளில், தன் பாட்டன் முப்பாட்டனைத் தானே கோமாளி வேஷம் கட்டி ஆட்டுவதை இப்போதுதான் பார்க்கிறார். வேறு சாதிக்காரன் இப்படி வேஷம் போட்டால் அடிதடி நடந்திருக்கும். இவர்கள் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நாற்காலியின் நுனியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். பையனின் அம்மா மொரீன் தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். ஜூஸ்? வேண்டாம். வெறும் தண்ணீராவது? நன்றி, வேண்டாம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அந்த அம்மாள் வந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தரமும் விஷாகா தரையைப் பார்த்தாள். கடைசியில் மொரீன் பர்வதத்தின் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, இன்னொருத்திக்கு இங்கிலீஷ் தெரியாது. என்ன பேசிவிடப் போகிறார்கள் என்று அவர் விட்டுவிட்டார்.

பிரெண்டன் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தான். அவன் தலையில் தொப்பி இல்லை. அவனுடைய அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார, திருமூர்த்தி தாசில்தாராக இருந்தபோது ஒவ்வொரு மனுதாரரிடமும் முதலில் கேட்ட கேள்வியைக் கேட்டார். உங்கள் பூர்வீகம் எந்த ஊர்?

நியூவார்க் என்றார் பையனின் அப்பா ஹாலரன்.

அது இங்கே. அயர்லாந்தில் எந்த ஊர் என்று திருத்திக் கேட்டார்.

ஹாலரன் மகனைப் பார்த்தார். மேயோ மாவட்டமாக இருக்கலாம் என்றார். கிளேர் என்றும் ஓர் அத்தை சொல்வாள். ஊர்ப் பேர் தெரியாது. தாத்தா பதினாறு வயதில் தனியாகக் கப்பலேறி வந்தவர். ஊரைப் பற்றி யாராவது கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். சாகும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பாட்டு, ஒரு காகிதம் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. எங்களுக்கு ஐரிஷ் என்று இருப்பது கடையில் விற்கிற இவ்வளவுதான் சார், அதை வருஷத்துக்கு ஒரு நாள் மாட்டிக்கொள்கிறோம் என்று அவர் சொன்னபோது குரலில் கேலி இல்லை. தலைக்கு மேல் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

இரக்கப்பட வேண்டிய இடம் என்று திருமூர்த்திக்குப் புரிந்தது. இரக்கம் வரவில்லை. ஊர் தெரியாத குடும்பம். குலதெய்வம் எது என்று கேட்டால் பச்சை நாயைக் காட்டுவார்கள். நாளைக்கு விஷாகாவுக்குப் பிறக்கிற குழந்தைக்கும் ஆரஞ்சுத் தாடி ஒட்டி இந்தக் கூடத்தில் குதிக்க விடுவார்கள். அவர் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். இங்கே எதுவும் சொல்ல வேண்டாம், காரில் சொல்லிக்கொள்ளலாம். கிளம்பலாம் என்று பர்வதத்தைக் கூப்பிடச் சமையலறைக்குப் போனார். அவர் முகத்தைப் படித்துவிட்டு விஷாகாவும் பின்னாலேயே வந்தாள்.

பர்வதம் மேஜை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தட்டில் வெண்ணெய் தடவிய ரொட்டி, பாதி தீர்ந்திருந்தது. பக்கத்தில் தேநீர். நாற்பத்துமூன்று வருஷத்தில் அவர் சாப்பிடாமல் அவள் ஒரு வாய் வைத்ததில்லை.

"என்ன பண்ற?"

"சாப்பிடறேன்."

"கார்ல நான் என்ன சொன்னேன்?"

"கேட்டுச்சு." மென்று விழுங்கிவிட்டுத்தான் மேலே பேசினாள். "நமக்கு மாட்டு வாடை ஆகாதுன்னு இந்தம்மா இதை நேத்தே தனியா சுட்டு வச்சிருக்கா. முட்டைகூட இல்லை, எல்லாம் சைகையிலேயே சொன்னா. புதுத் தட்டு, புதுக் கத்தி. பாருங்க, விலை ஸ்டிக்கரைக்கூட இன்னும் பிரிக்கலை. நீங்க தொப்பிக்காரங்களையே பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. நான் இதைப் பாத்தேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க. அதான் கேக்கல."

மொரீன் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்து, அடுப்புத் துணியைப் பிசைந்துகொண்டு நின்றாள். விஷாகா மெல்ல அப்பாவின் பக்கத்தில் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் குரல் உடையவில்லை.

"அப்பா, இதை கவுன்ட் பண்ண வேணாம். அம்மா தெரியாம சாப்பிட்டாங்கன்னு வச்சுக்கலாம். நான் உங்களுக்குக் கொடுத்த ப்ராமிஸ் அப்படியேதான் இருக்கு. இங்க யாருக்கும் தெரியப் போறதில்லை."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரைச் சுட்டது. யாருக்கும் தெரியாது என்பதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல வேண்டுமா? தன் மனைவி ஒரு வீட்டில் கை நனைத்த பிறகு, வாயைத் துடைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவதா? ஊர் தெரியாத குடும்பத்துக்கு வேண்டுமானால் அது வசதியாக இருக்கலாம். அவருக்கு ஊர் தெரியும். பர்வதத்துக்கும் இது தெரியும், தெரிந்துதான் சாப்பிட்டிருக்கிறாள். அவளை அப்படியே முறைத்தார். அவள் தேநீரை எடுத்து உறிஞ்சினாள்.

"உங்கம்மா தெரியாம சாப்பிடலை," என்றார் மகளிடம். "இனிமே அப்படி யாரும் சொல்லக் கூடாது. போ, அந்தப் பையனையும் அவங்கப்பாவையும் கூட்டிட்டு வா. தை மாசம் காஞ்சிபுரத்துல கல்யாணம். மாப்பிள்ளை வேட்டி கட்டணும். அந்தத் தாடிக்காரன் வரக் கூடாது. இந்த மூணையும் அவங்ககிட்ட நீயே இங்கிலீஷ்ல சொல்லிடு, என்னால இப்போ முடியாது."

விஷாகா ஓடினாள். அவர் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்தார். இதுவரை கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்த வெள்ளிக் கிண்ணத்தை மொரீன் பக்கம் நகர்த்தினார். மொரீன் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தாள்.

ஊரில் எந்த விருந்திலும் அவர் அப்படி ஒன்றைத் தின்றதில்லை. உப்புச் சப்பில்லை. உலர்ந்த திராட்சையும் சீரகம் போன்ற ஏதோ ஒரு விதையும் ஒன்றோடொன்று சண்டை போட்டன. மாவு மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு இறங்க மறுத்தது. கூடத்தில் யாரோ ஊளையிட்டுச் சிரித்தார்கள். மாட்டு வாடை இன்னும் மூக்கில் நின்றது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் மென்று விழுங்கினார்.

விழுங்கிவிட்டு, தட்டை நீட்டி இன்னொரு துண்டு கேட்டார். சம்பந்தி வீட்டு விருந்தில் திருமூர்த்தி ஒரு துண்டோடு எழுந்துவிட்டார் என்று நாளைக்கு எவனும் பேசக் கூடாது.