அடுத்த வருஷம் கேட்கப் போறவள்

என் தம்பியைப் பற்றி எழுதும் பத்திரிகைக்காரர்கள் முதல் வரியிலேயே திணறுவார்கள். நரம்பியல் மருத்துவர் என்று ஆரம்பித்து கணித ஆய்வாளர், இசையமைப்பாளர், மின்னணுக் கருவிகள் செய்பவர், மொழிபெயர்ப்பாளர் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். நான் அவன் கூடப்பிறந்த அக்கா, அதே வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறவள். என்னைக் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் முடித்திருப்பேன். பிடிவாதக்காரன்.

பிறர் செய்த எதையும் அவன் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டான். கடையில் வாங்கிய மேஜை விளக்கை அன்றைக்கே பிரித்துப் போடுவான். திரும்ப மாட்டும்போது அது முன்னைவிட நல்ல விளக்காக இருக்கும். அதுதான் கொடுமை. ஒரு தடவையாவது சொதப்பியிருந்தால் நாங்கள் அவனை எதிர்த்துப் பேசப் பழகியிருப்போம்.

அவனுடைய ஒரே மகளைக் குருவி என்று கூப்பிடுவோம். கூப்பிடுவோம் என்பது சும்மா பேச்சுக்குத்தான். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அது தெரிந்தபோது அவளுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. உள்காதில் ஒரு கருவியைப் பொருத்திவிடலாம், ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும், பேச்சு பழகும் வயது தாண்டினால் பயன் குறைவு என்று காது மருத்துவர் சொன்னார்.

தம்பி அந்தக் கருவி வழியாக ஒலி எப்படிக் கேட்கும் என்று கணினியில் செய்து பார்த்தான். எங்களையும் மாடிக்கு வரச்சொல்லிப் போட்டுக் காட்டினான். அவன் வாசித்த வயலின், தகர டப்பாவில் கூழாங்கல்லை உருட்டியதுபோல் கேட்டது.

"இந்த லட்சணத்துலயா என் பொண்ணு கேக்கணும்?"

"பேசினா புரியுமில்ல? அது போதும்," என்றாள் அவன் மனைவி.

"போதும்கிற வார்த்தையே எனக்குப் பிடிக்காது. நானே பண்றேன். ஒரு வருஷம் குடு."

கொடுத்தோம். நரம்பும் தெரியும், மின்சாரமும் தெரியும், ஸ்வரமும் தெரியும். இவனைவிட வேறு யார் செய்துவிடப் போகிறார்கள்?

நடுவில் அவன் மனைவி சைகை மொழி சொல்லித்தரும் ஒரு அம்மாவை வீட்டுக்கு வரவழைத்தாள். தம்பி மரியாதையாகவே திருப்பி அனுப்பினான். "அடுத்த வருஷம் கேட்கப் போறவளுக்கு இதெல்லாம் எதுக்கு? சைகை பழகிட்டா அப்புறம் வாயத் திறக்க சோம்பப்படுவா." தன் துறைகளில் யாராவது இப்படிப் பேசியிருந்தால் ஆதாரம் எங்கே என்று பிடி பிடி என்று பிடித்திருப்பான். இதை எங்கிருந்து பொறுக்கி வந்தானோ தெரியாது.

முதலில் செய்தது சூடேறியது. அடுத்ததில் கீழ் ஸ்வரங்கள் தெளியவில்லை. அதைத் தெளிய வைக்கப் புதிதாக ஒரு கணக்கு முறையே கண்டுபிடித்தான். அதற்குப் பரிசும் வந்தது. மாடியில் எந்நேரமும் ஈயம் உருகும் வாடை. கீழே குருவி எங்கள் துணியைப் பிடித்து இழுத்துக் கைகாட்டியே வளர்ந்தாள். ஒருமுறை நாள் முழுக்க வீறிட்டு அழுதாள். வயிறாக இருக்கும் என்று மருந்து கொடுத்தோம். கடைசியில் பார்த்தால் சொத்தைப் பல். எங்கே வலிக்கிறது என்று கேட்க எங்களுக்கும் வழியில்லை, சொல்ல அவளுக்கும் வழியில்லை.

அன்றைக்கு அவன் மனைவி மாடிப்படியில் நின்று கத்தினாள். "கடையில விக்கிறதையாவது வச்சுத் தொலைங்களேன்!"

"அத வச்சா உள்ள சேதமாயிடும். அப்புறம் என்னோடது ஏறாது. இன்னும் கொஞ்சம் பொறு."

குருவிக்கு ஏழு வயதானபோது கருவி முடிந்தது. காது மருத்துவர்தான் பொருத்தினார். அதை முடுக்கிய நாளில் தம்பி வயலினை எடுத்து மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தான். குருவி திடுக்கிட்டுத் திரும்பினாள். அடுத்த இழுப்புக்கு மேஜைக்கடியில் ஓடி ஒளிந்துகொண்டாள்.

"கேக்குது! அக்கா, அவளுக்குக் கேக்குது!"

அவன் அழுதான். நானும்தான் அழுதேன். வேறென்ன செய்வேன்?

பிறகு பேச்சுப் பயிற்சிக்கு விடாமல் அழைத்துப் போனோம். ஒரு சொல்கூட வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்துவிட்டு, பயிற்சி தந்த பெண் எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினாள்.

"கருவியில ஒரு குறையும் இல்ல சார். இவ்வளவு தெளிவானத நான் பாத்ததே இல்ல. ஆனா அவளுக்கு அது வெறும் சத்தம். பேச்சா மாற மாட்டேங்குது."

"இன்னும் நாளாகுமா?"

"நாள் போயிடுச்சு சார். சைகையாவது தெரிஞ்சிருந்தா அவளுக்குன்னு ஒரு மொழி இருந்திருக்கும். அது மேல இத கட்டியிருக்கலாம். அவ எந்த மொழியும் இல்லாமலே வளந்துட்டா. சைகைய இன்னிக்கே ஆரம்பிங்க. முழுசா வரும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் தம்பி குருவியின் முன்னால் மண்டியிட்டான். வழக்கம்போல் அவள் வண்டியிலேயே கருவியின் வெளியே மாட்டும் பகுதியைக் கழற்றிவிட்டிருந்தாள். அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னமோ சொன்னான். மன்னித்துவிடு என்றுதான் சொல்லியிருப்பான். முகம் கோணிக்கொண்டு வந்தது.

குருவி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். கையை உருவிக்கொண்டு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்தாள். அவன் இன்னும் அழுதான். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவன் செருப்பைக் கொண்டுவந்து அவன் முன்னால் ஜோடியாக வைத்தாள். இந்த முறை சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ, தன் செருப்பையும் மாட்டிக்கொண்டு, அப்பா எழுந்து வரட்டும் என்று வாசல் கதவருகே போய் நின்றாள்.