குழாய் தேடியபோது கிடைத்த வெள்ளிக்காசு

ஓய்வுபெற்று ஏழு வருடமாகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். மனைவி இறந்தபின் தனியாகத்தான் இருந்தார். "அப்பாவுக்கு ஏன் துணை? அதான் கோபம் இருக்கே" என்பாள் மகள்.

வீட்டின் பின்பக்கம் மண்ணுக்குள் பழைய இரும்புத் தண்ணீர்க் குழாய் எங்கோ ஒழுகியது. அது எந்த வழியாகப் போகிறது என்று யாருக்கும் நினைவில்லை. எலெக்ட்ரீஷியனான மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமோ ஒரு மெட்டல் டிடெக்டரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்.

கருவி கத்திய இடத்தையெல்லாம் டிரைவர் தோண்டினார். ஒரு கீல், சோடா மூடிகள், வளைந்த ஆணிகள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் சத்தம் விடாமல் வந்தது.

"இது குழாய் இல்ல மாமா. ஒரே இடத்துலதான் கத்துது."

முழங்கை ஆழத்தில் துருப்பிடித்த பவுடர் டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளே ஒரு துணி முடிச்சு. மஞ்சள் வாத்துகள் போட்ட துணி. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட கவுன். அவர் மனைவி தைத்தது. எதைக் கட்டினாலும் மூன்று முடிச்சுப் போடுவது அவள் வழக்கம். இதிலும் மூன்று. அவிழ்த்தால், கறுத்துப்போன ஒன்பது வெள்ளிக்காசுகள். யாரோ ஒரு ராஜாவின் முகம் தேய்ந்து மூக்கு மட்டும் மிச்சமிருந்தது.

"புதையல் மாமா" என்று சிரித்த மாப்பிள்ளை, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

டிரைவர் துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவை அவருடைய அப்பா விட்டுப்போன காசுகள். இருபத்தேழு வருடங்களுக்கு முன்பு, ஒரு நண்பனோடு சேர்ந்து லாரி வாங்கலாம் என்று அவற்றை விற்க எடுக்கப்போனபோது பெட்டி காலியாக இருந்தது. அப்போது அதே வீட்டில் இருந்த தம்பியைத்தான் கைகாட்டினார். "திருட்டு நாயே, வெளியே போ" என்றார். தம்பி ஒரே ஒரு பையோடு போனான். லாரி வாங்கிய நண்பன் ஆறே மாதத்தில் திவாலானான்.

காசு லாரியில் போய்விடாமல் ஒளித்துவைத்தவள் மனைவிதான். தம்பியின் பேச்சு வந்தாலே அவள் எழுந்து அடுப்படிக்குப் போனது ஏன் என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது. செத்தவளிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அன்று தன் கத்தலில் அவள் எப்படி வாயைத் திறந்திருப்பாள்?

மறுநாள் தம்பியின் தையல் கடைக்குப் போனார். அந்தச் சாலையில் இருபது வருடம் பேருந்து ஓட்டியிருக்கிறார். ஒருநாளும் தலையைத் திருப்பியதில்லை. தம்பி மெஷினில் ஒரு காற்சட்டையை மடித்து அடித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவன், கால் மிதிப்பதை நிறுத்தவில்லை.

டிரைவர் முடிச்சை வெட்டுமேசையின்மேல் வைத்தார்.

"கல்லுப் பக்கத்துல இருந்ததா?" என்றான் தம்பி.

"உனக்குத் தெரியுமா?" என்றார் டிரைவர்.

"நான் போன மறுவாரமே அண்ணி வந்தாங்க, குழந்தையைத் தூக்கிட்டு. உன்கிட்ட சொல்லிடறேன்னு அழுதாங்க. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்டா?"

"உன் கோபம் எனக்குத் தெரியாதா? அவங்களையும் வெளிய தள்ளியிருப்ப. நான் ஒண்டிக்கட்டை, எங்கயாவது பொழைச்சுப்பேன். அவங்க கைக்குழந்தையோட எங்க போவாங்க?"

அப்படிச் செய்திருக்கமாட்டேன் என்று சொல்ல டிரைவர் வாயெடுத்தார். வரவில்லை. செய்திருப்பார். அது அவருக்கே தெரிந்தது.

"அவ செத்தப்ப வீட்டுக்குள்ள வராம தெருமுனையிலயே நின்ன" என்றார் மெதுவாக. "எவ்வளவு நெஞ்சழுத்தம்னு நெனச்சேன்."

"நெனச்சிருப்ப."

"இதை நீ வச்சுக்க."

தம்பி முடிச்சை அவிழ்த்துப் பார்க்காமலே அவர் பக்கம் நகர்த்தினான். "உன் பொண்ணுக்காகத்தான் புதைச்சாங்க. அவகிட்ட குடு. எப்படிக் கெடைச்சதுன்னு முழுசாச் சொல்லிக் குடு. நீ என்னைச் சொன்னதையும் சேத்து."

"சொல்றேன். என்னை மன்னிச்சுருடா."

மெஷின் நின்றது. தம்பி நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"சரி, போகட்டும்னு என்னால உடனே சொல்ல முடியாது. இருபத்தேழு வருஷம். திருடன்ங்கிற பேரோட இருந்ததால ஒரு பொண்ணுகூட எனக்கு அமையல."

டிரைவர் தலையசைத்தார். முடிச்சை எடுத்துக்கொண்டு கதவுவரை போனார்.

"புதன்கிழமை கடைல கூட்டம் இருக்காது" என்றான் தம்பி, அடுத்த துணியை எடுத்தபடி. "வர்றதுன்னா வா."

அவர் அங்கிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போனார். வாத்துத் துணியை அவள் கையில் வைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். எப்போதும் அவர் கோபத்தைக் கிண்டலடிப்பவள், நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கமுடியாமல் இருந்தது.