கீழ்வீட்டு முகம்

நாத்தனார் வைஃபை பாஸ்வேர்டை மாற்றியபோதே தையல்காரி உஷாராகியிருக்க வேண்டும். நாத்தனார் தன் தோழியின் மகளுக்கு ஓசியில் ஒரு கவுன் கேட்டாள்; இவள் முடியாது என்றாள். அதற்குத்தான் இவ்வளவு வன்மம். சனியன் ஒழிந்தது என்று தன் மாடி வீட்டுக்குத் தனி இணைப்பும் புதுப் போனும் வாங்கிக்கொண்டாள்.

புதுப் போனில் தன் ஆன்லைன் கடைப் பக்கம் திறக்கவில்லை. கேமராவில் முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினாள். இது நீங்கள் இல்லை என்றது.

எப்படி ஒத்துப்போகும்? கடை ஆரம்பித்த நாளில், தன் மூஞ்சியைப் பார்த்து யார் வாங்குவார்கள் என்று, லட்சணமான நாத்தனாரைப் படமெடுத்துப் பக்கத்தின் முகமாகப் போட்டவள் இவள்தானே. அப்போது இருவரும் அவ்வளவு ஒட்டு. கண் எரியத் தைத்தது இவள். வாடிக்கைக்காரிகள் "அக்கா, அக்கா" என்று உருகியது அந்த முகத்தைப் பார்த்து.

மானத்தை விட்டுக் கீழே இறங்கினாள்.

"ஒரு நிமிஷம் இந்தக் கேமராவைப் பாரும்மா."

நாத்தனாருக்கும் பக்கத்தின் பாஸ்வேர்ட் தெரியும். தன் போனை எடுத்துத் தன் முகத்தைக் காட்டினாள். பக்கம் சமர்த்தாகத் திறந்துகொண்டது.

"முகம் என்னுது அண்ணி. பக்கமும் என்னுதுதான்."

"என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதே."

"கம்பெனியே ஒத்துக்கிச்சு. நீங்க யாரு கேக்கறதுக்கு?"

தையல்காரி விடவில்லை. சொந்த மூஞ்சியோடு புதுப் பக்கம் ஆரம்பித்து, தைத்த கவுன்களின் படங்களைப் போட்டு, நடந்ததை எழுதினாள். வாடிக்கைக்காரிகள் கொதித்துப்போனார்கள். இவள்மேல்தான்.

"எங்க அக்காவை எங்களுக்குத் தெரியாதா? அவங்க தைச்ச கவுன் படத்தைத் திருடிப் போட்டிருக்கா இந்த ஃபிராடு. எல்லாரும் புகார் குடுங்க" என்று எழுதியவள், இவளிடம் மெசேஜிலேயே ஒரே கவுனைச் சலிக்காமல் மூன்று தடவை பிரித்துத் தைக்கச் சொன்னவள். சாயங்காலத்துக்குள் கம்பெனிக்காரர்கள் புதுப் பக்கத்தைத் தூக்கிவிட்டார்கள். எதிரி செய்திருந்தால் திட்டித் தீர்க்கலாம். வாடிக்கைக்காரிகளோ அக்கா என்று இவள்மேல் வைத்த பாசத்திலேயே இவளை ஒழித்தார்கள். அன்று ஒப்பாரி வைத்து அழுதாள்.

மறுநாள் நாத்தனார் மாடியேறி வந்தாள்.

"ஆர்டர் குவியுது அண்ணி. தைச்சுக் குடுங்க, கூலி போட்டுத் தரேன்."

தையல்காரி எழுந்து வந்து அவளை நன்றாக ஒருமுறை பார்த்தாள்.

"அந்த முகத்தையே தைக்கச் சொல்லு" என்று கதவை அறைந்து சாத்தினாள்.