வெறும் மிதி

காற்சட்டையின் இடுப்புப் பட்டியைத் தைத்து முடித்த டெய்லரக்கா, துணியை ஓரமாக வைத்துவிட்டு, மிஷினின் கைச்சக்கரத்து நடுவில் இருந்த திருகைத் தளர்த்தினாள். பாபினில் நூல் சுற்றும்போது செய்கிற வேலைதான் அது. திருகு தளர்ந்தால் ஊசி அசையாது, சக்கரம் மட்டும் சும்மா சுற்றும். ஆனால் பாபினில் நூல் நிறையவே இருந்தது. அவள் குனிந்து, மிதிபலகையில் துணிப்பையோடு கட்டியிருந்த கணவரின் போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முடிச்சு இறுக்கமாகத்தான் இருந்தது. தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் பக்கத்தில் இடுப்பளவு குவிந்து கிடக்க, அவள் வெறும் மிஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

"கொஞ்சம் வேகமா மிதி. மெதுவா போனா நடைன்னு எடுத்துக்க மாட்டேங்குது" என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவர், பெயிண்டர்.

"ஓடணும்னாலும் சொல்லுங்க, ஓடிடறேன்."

கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அந்த வீட்டில் சிரிப்பு திரும்பி வந்ததே இந்தக் கூத்தால்தான். மூன்று மாடிக் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்து, முட்டிக்குள் பிளேட்டும் திருகும் வைத்துக்கொண்டு வீடு வந்த மனிதர், அதன்பின் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிட்டார். மற்ற நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்கு இன்னொரு பூச்சு வேண்டும் என்பதுபோல. 'நடங்க, நடந்தாத்தான் முட்டி மடங்கும்' என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊன்றுகோல் மூலையில் சாத்தியபடியே இருந்தது. புருஷன் வீட்டிலிருந்து பார்க்க வந்த மகள், அப்பாவின் போனில் ஒரு செயலியை ஏற்றிவிட்டுப் போனாள். நடந்தால் காயின் விழும். காயின் சேர்ந்தால் அதைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம். இந்த ஆசையிலாவது எழுந்து நடப்பார் என்று பெண் கணக்குப் போட்டாள்.

பெயிண்டர் வேறு கணக்குப் போட்டார். ஒருநாள் டெய்லரக்கா பாட்டுக் கேட்டுக்கொண்டே தைக்கலாமென்று அவர் போனை வாங்கி, வைக்க இடமில்லாமல் மிதிபலகை ஓரத்தில் சொருகினாள். மாலையில் எடுத்துப் பார்த்தவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். மிஷின் ஆடிய ஆட்டத்தையெல்லாம் அந்தச் செயலி நடை என்று நம்பி, காயினைக் கொட்டிவிட்டிருந்தது. அன்று அவர் விழுந்த பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவளும் மறுநாள் வாயை மூடிக்கொண்டு போனைக் கட்டிக்கொண்டு மிதித்தாள். பிறகு தைக்கிற மிதி போதாமல் தைக்காத மிதியும் சேர்ந்துகொண்டது.

பரிசுப் பட்டியலில் அவர் குறிவைத்தது தையல் மிஷினுக்குப் பொருத்துகிற மோட்டாரை.

"வந்துடுச்சின்னா நீ கால அசைக்கவே வேணாம். லேசா அழுத்தினா போதும்."

"மோட்டார் வந்தா உங்க நடை நின்னுடுமே" என்றாள் அவள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

காயின் மோட்டாரை நெருங்குகிற சமயம் பார்த்து அதன் விலை ஏறியது. "அம்மா, அந்தக் காயினுக்கு ஊசிகூட வராது, விடுங்க" என்று மகள் போனில் சொன்னாள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று டெய்லரக்காவுக்கும் தெரியாமல் இல்லை. வெறும் மிஷினை மிதித்த நேரத்தில் சீருடைகளைத் தைத்திருந்தால் மோட்டாரைக் கடையிலேயே வாங்கியிருக்கலாம். அவளுடைய கெண்டைக்கால் விறைத்துக்கொண்டது. ஆனாலும் மாலையானால் போனைக் கையில் ஏந்திக்கொண்டு, "இன்னிக்கு எவ்வளவு சேர்ந்திருக்கு பாரு" என்று அவர் கூப்பிடுகிற குரல் இருக்கிறதே, அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

பிசியோதெரபி செய்கிற பெண் அவரைப் படுக்கவைத்து, ஒரு கையால் தொடையையும் மறு கையால் கணுக்காலையும் பிடித்து முட்டியை மெல்ல மடக்கினாள். பாதி வழியில் அது நின்றுவிட்டது. பெயிண்டரின் நெற்றியில் வேர்வை பூத்தது.

"வீட்ல நடக்கறீங்களா சார்?"

அவர் போனை எடுத்து, செயலியைத் திறந்து நீட்டினார். அந்தப் பெண் திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவள் முகத்தில் பாராட்டு வரவில்லை, கவலைதான் வந்தது.

"இவ்வளவு நடந்துமா மடங்கல? அப்படின்னா உள்ள வச்ச பிளேட்டுல ஏதோ சிக்கல் இருக்கணும். பெரிய டாக்டர்கிட்ட எழுதிக் கொடுக்கறேன். மறுபடி திறந்து பாக்க வேண்டி வந்தாலும் வரும்."

டெய்லரக்கா கணவரைப் பார்த்தாள். இப்போது சொல்வார், சிரித்து மழுப்பியாவது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், மடங்காத முட்டியை எங்கே கொண்டுபோய் மறைப்பது? அவர் கூரையைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினார்.

"திறக்கணும்னா திறந்துடலாம் டாக்டர்."

அடப்பாவி மனுஷா என்று அவளுக்குள் ஏதோ இடிந்தது. காலைக் கத்தியால் கிழித்துக்கொள்ளச் சம்மதம், நடக்கவில்லை என்று சொல்லச் சம்மதமில்லை. இதற்கா இத்தனை நாள் மிதித்தோம்?

"அது இவர் நடந்தது இல்லம்மா" என்றாள். "நான் மிதிச்சது."

எல்லாவற்றையும் சொன்னாள். மிதிபலகை, துணிப்பை, தளர்த்திய திருகு எல்லாம். அந்தப் பெண் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. எழுதத் தொடங்கிய தாளைக் கிழித்துப் போட்டாள்.

"சார், இந்த மாசந்தான் உங்க கையில இருக்கு. உள்ள தசை ஒட்டி இறுகிட்டா அப்புறம் எவ்வளவு நடந்தாலும் மடங்காது. ஏணியில கால் வைக்க முடியாது. வலிக்கும். வலிச்சாலும் நடக்கணும்."

ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்ததும் பெயிண்டர் ஆரம்பித்தார்.

"சின்னப் பொண்ணு முன்னாடி என் மானத்த வாங்கிட்டல்ல."

"ஆமா, வாங்கிட்டேன். கால் இருந்தா மானத்தப் பின்னாடி சம்பாதிச்சுக்கலாம்."

"உனக்கென்ன, சொல்லிடுவ. தெருவுல இறங்கினா போறவன் வர்றவன் எல்லாம் நிறுத்தி விசாரிப்பான். மூணாவது மாடியில ஒத்தக் கயித்துல நின்னவன், இப்ப கட்டைய ஊனிக்கிட்டு பால் கடை வரைக்கும் போறான்னு பாப்பான்." அவர் குரல் இறங்கியது. "அதுவும் இல்லாம, இந்த வீட்டுக்கு இப்ப நான் சம்பாதிச்சுத் தர்றது அந்தக் காயின் ஒண்ணுதான். அதையும் பொய்யின்னு சொல்லிட்ட."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதருக்கு வலி முட்டியில் மட்டுமில்லை என்பது தெரியாமலா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினாள்? தெரியும். தெரிந்துதான் தினமும் சிரிப்பைக் கொடுத்து வலியை மூடினாள். அழுதுகொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கதை பழையபடி ஆகிவிடும், நாளைக்குத் தன் காலே மிதிக்கப் போய்விடும் என்று பயந்தாள். எழுந்து முகத்தைக் கழுவினாள்.

மிதிபலகையிலிருந்து துணிப்பையை அவிழ்த்து எறிந்தாள். அவர் வேலைக்குப் போட்டுப் போகும் தடிச் சட்டையைக் கொடியிலிருந்து இழுத்தாள். சீருடைத் துணியில் மிஞ்சிய துண்டொன்றை மடித்து, ஆழமான ஒரு பையாக வெட்டி, சட்டையின் உட்புறம் வைத்து இரட்டைத் தையல் போட்டாள். மேலே மூடி வைத்து, பொத்தான் தைத்து, அதற்குக் காஜாத் துளையும் எடுத்தாள். பெயிண்டர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போன்ல இருக்கற அந்தக் காயின் கணக்க அழிச்சிடப் போறியா?" என்று கேட்டார்.

"எதுக்கு அழிக்கணும்? எனக்கு மோட்டார் வேணும்."

"விலைய ஏத்திக்கிட்டே போறான். இந்தக் கால வச்சிக்கிட்டு நான் நடந்து எப்பச் சேரும்?"

"எப்ப வேணா சேரட்டும். சேரலன்னாலும் போகட்டும். ஆனா இனிமே உங்களுக்காக ஒரு மிதிகூட நான் மிதிக்கப் போறதில்ல. சாமி சத்தியமா மிதிக்க மாட்டேன்."

சட்டையை அவருக்கு மாட்டிவிட்டாள். போனை உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்தி மாட்டினாள். ஊன்றுகோலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வாசல் கதவைத் திறந்து வைத்தாள். கூட வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று அவர் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, ஊன்றுகோலோடு அடிபட்ட காலை முதலில் வைத்துப் படியிறங்கினார்.

டெய்லரக்கா மிஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். சீருடைகள் கிடந்தன, நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். காலை மிதிபலகையில் வைத்தவள், வைத்ததும் எடுத்துவிட்டாள். மிஷின் ஓடினால் வெளிச் சத்தம் கேட்காது. துணி மடியில் கிடக்க, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றிக் காதைத் தீட்டிக்கொண்டாள். டொக். நெடிய இடைவெளி. டொக். பக்கத்து வீட்டைத் தாண்டியது. பால் கடைக்கிட்டே போய் நின்றது.

"யாரு, பெயிண்டரா? என்னண்ணே இது, கட்டையோட?" கடைக்காரனின் குரல் தெருவையே கூப்பிட்டது. கூடவே வேறு யாரோ ஏதோ கேட்டார்கள்.

பதில் வரவில்லை. டெய்லரக்கா பாதி எழுந்துவிட்டாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடலாம், நாலு எட்டுதான். மிஷின் மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"விழுந்துட்டேன்பா" என்றது அவர் குரல். "முட்டி போயிடுச்சு. நடந்து பாக்கறேன்."

டொக் என்றது. அடுத்த டொக் கேட்க வெகுநேரம் ஆனது. வீட்டுப் பக்கம் திரும்பாமல் அது மெயின் ரோட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. லாரிச் சத்தத்தில் அது கரைந்து போன பிறகும், அவள் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.