ஆஷ்ட்ரேயில் ஒரு ஃப்யூஸ்

குவீன்ஸ்லாந்து மாட்டுப் பண்ணைக்குப் பாதுகாப்புச் சோதனை போட வந்த லாக்லன், பண்ணைக்காரி டார்லீனின் பிக்கப் வண்டியில் ஏறியதுமே ஆஷ்ட்ரேயில் கிடந்த ஃப்யூஸைப் பார்த்துவிட்டான். பிரேக் அடித்தால் சக்கரம் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸின் ஃப்யூஸ் அது.

"இதைக் கழட்டிட்டு ஓட்டுறது தப்புங்க."

"முப்பது வருஷமா இந்த மண்ணுல ஓட்டுறேன், எனக்கே சொல்றியா? உன் கண்ணால பாரு தம்பி, அப்புறம் எழுது."

சரளைப் பாதையில் ஒரு காலி டீசல் பீப்பாயை நிறுத்தினாள். முதலில் ஃப்யூஸை மாட்டிக்கொண்டு அறுபதில் வந்து பிரேக்கை மிதித்தாள். பெடல் கடகடவென்று உதறியது. வண்டி நிற்காமல் ஓடிப்போய்ப் பீப்பாயைத் தள்ளிவிட்டது. பீப்பாயை நிமிர்த்தி வைத்து, ஃப்யூஸைக் கழற்றி, அதே வேகத்தில் வந்து அதே இடத்தில் மிதித்தாள். சக்கரங்கள் இறுகி, சரளையை முன்னால் குவித்து, அந்தக் குவியலிலேயே முட்டி நின்றன. பீப்பாய்க்கு இன்னும் நான்கு எட்டு இருந்தது.

லாக்லன் விடவில்லை. "சக்கரம் இறுகினா வண்டி திரும்பாதே? குறுக்க மாடு வந்தா?"

"திரும்பாதுதான். திருப்பணும்னா பிரேக்குலேர்ந்து காலை எடுப்பேன். எனக்குக் கால் இருக்குல்ல?"

தப்பு என்று அவன் எழுதத்தான் செய்தான். திரும்பும் வழியில் தார்ச்சாலை தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, ஃப்யூஸை எடுத்து மாட்டினாள்.

"அப்ப ஒத்துக்கிறீங்க!" என்று சிரித்தான்.

"தார்ல அது என்னைவிடக் கெட்டி. மண்ணுல நான் அதைவிடக் கெட்டி. இதையும் சேர்த்து எழுது. இல்லைன்னா இங்கேயே இறங்கி நட. ஊருக்கு எண்பது கிலோமீட்டர்தான்."