பாட்டக்காவின் நாலாவது வரி

1

இந்தக் கதை ஒரு தவற்றில் பிறந்தது. தவறு என்னுடையது. ஒரு பாட்டுப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி அடித்த தொடக்கங்களை மறைக்கப் போவதில்லை:

"கடல் கடந்து ஒலித்த துயரக் குரல்…" (பாட்டக்கா கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.)

"ஒரு மழைநாளில் அவர் பிறந்தபோது…" (மழை பெய்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்?)

"ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில், முப்பத்துநான்கு வருடம், ஒரு பெண்…" (இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போவோம்.)

2

இரண்டு வருட ஒப்பந்தத்தில் கடல் தாண்டி அந்தச் சலவைக்கூடத்துக்கு வந்தவர் பாட்டக்கா. வந்த மாதமே பாட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டாராம். வீட்டிலிருந்து வராத கடிதம், மேஸ்திரியின் விசில், சாயம் போன ஒற்றைக் காலுறை, எல்லாமே அவருக்குப் பாட்டுதான். அவருக்கு எதிரே நின்று பதினொரு வருடம் விரிப்பு மடித்தவள் என் அம்மா. அவளும் பிழைக்க வந்தவள்தான்.

ஒருமுறை, அம்மா வேலையில் இருந்த ஒரு நாள், ஏதோ விழாவில் பாட்டக்காவை மேடையேற்றினார்கள். தனியாக நின்று மூன்று வரி பாடினார். பிறகு நிறுத்திவிட்டு எதிரே பார்த்தார். வரி மறந்துவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று கூட்டம் கை தட்டியது. பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன்.*

* இந்தக் கைதட்டலைக் கதையிலிருந்து எடுத்துவிட இரண்டு முறை பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

3

போன வருடம் பாட்டக்கா இறந்துபோனார். அவருடைய மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மாவுக்குக் கண் சரியில்லை. "நீதான் புத்தகம் போடுறவங்ககிட்ட வேலை பாக்குறியே, நீயே பாருடா" என்று என்னிடம் தள்ளிவிட்டாள்.

முப்பத்தொரு பாட்டுகள். ஒவ்வொரு பாட்டிலும் மூன்று வரி இருந்தது, நாலாவது வரிக்கு வெறும் கோடு. அவசரத்தில் விட்டுப்போயிருப்பார் என்று நினைத்தேன். இருபது வருடமாகப் பிழை திருத்துகிறவனுக்குக் காலியிடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. அத்தனையையும் நானே நிரப்பினேன். பதிப்பாளர் பாராட்டினார். திங்கட்கிழமை அச்சுக்குப் போவதாக ஏற்பாடு.

4

சனிக்கிழமை காலை அம்மாவுக்கு அச்சுப்படியை வாசித்துக் காட்டினேன். பெருமையாகத்தான்.

கடலத் தாண்டி வந்த கையி
கடுதாசி எழுத மறந்த கையி
வெள்ளத் துணிய மடிக்குது பாரு
விதியோட கோட்ட அழிக்குது பாரு

"கடைசி வரி யாரு பாடினது?"

"பாட்டக்காதான்."

"அவளா? விதி கிதின்னு அவ வாயில வந்ததே இல்லையேடா."

எனக்குக் காது சுட்டது. (இங்கே இன்னொரு பொய் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்வதாக முதல் வரைவில் எழுதியிருந்தேன். அது நன்றாகவே வந்திருந்தது.) உண்மையைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு படுக்கை விரிப்பை உருவினாள்.

"அந்த ரெண்டு முனையையும் பிடி."

5

முதல் வரிக்கு விரிப்பை உதறினோம். இரண்டாவதற்கு நீளவாக்கில் மடித்தோம். மூன்றாவதற்கு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தோம். தன் முனைகளை என் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கிய மடிப்பை எடுக்க அம்மா குனிந்தாள். மூட்டுவலி அவளைப் பாதியிலேயே நிறுத்தியது. அங்கிருந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப பாடு பாப்போம். குனிஞ்சா எனக்கு மூச்சு வாங்குது. நாலாவது வரிக்குக் குனியறப்ப அவளுக்கும் அப்படித்தான். அதான் எதிர்ல நிக்கிறவ பாடணும்."

"எதிர்ல நிக்கிறவங்களுக்குத் தமிழ் தெரியலேன்னா?"

"அவங்கவங்க பாஷையில பாடுவாங்க. ஒண்ணுமே புரியாது. நல்லா இருக்குடீன்னு இவ சிரிப்பா."

"அதை ஏம்மா அவங்க எழுதி வைக்கல?"

"மத்தவ பாடினத தன் நோட்டுல எப்படிடா எழுதுவா?"

அந்த மேடையில் பாட்டக்கா எதற்காக நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். நாங்கள் கை தட்டி அனுப்பிவிட்டோம்.

"சரி, இந்தப் பாட்டுக்கு நீ என்ன பாடின?"

அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "அது என்ன பெரிய பாட்டா" என்று இழுத்தாள். பிறகு மெல்லப் பாடினாள்:

எம் புள்ள தலைய வாருது பாரு

தினமும் காலையில் எனக்குத் தலைவாரிவிட்டு வேலைக்குப் போனவள் அவள். அந்த வரியின்மேல்தான் நான் விதியைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். அழுதேன். இதற்குமேல் அழகாகச் சொல்லத் தெரியவில்லை.

6

இரண்டு முடிவுகள் யோசித்து வைத்திருந்தேன். ஒன்று: பதிப்பாளர் மனம் உருகுகிறார். இன்னொன்று: என் வரிகளோடே புத்தகம் வந்து பரிசு வாங்குகிறது, நான் வாய் திறக்காமல்…

நடந்தது வேறு. உடனே பதிப்பாளருக்குப் போன் செய்து, நான் எழுதிய வரிகளை எடுத்துவிட்டுக் கோடுகளைத் திரும்பப் போடச் சொன்னேன்.

"வாங்குறவன் அச்சுப்பிழைன்னு திருப்பிக் குடுப்பான் சார். அப்புறம் யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். முன்னுரையில எழுதிடறேன்."

"என்னமோ பண்ணுங்க. திங்கட்கிழமை காலையில என் கையில இருக்கணும்."

ஆகவே நீங்கள் படிப்பதுதான் அந்த முன்னுரை. கதை மாதிரி ஆகிவிட்டது, மன்னியுங்கள்.

எனக்குச் சோறு போட்டது அந்தச் சலவைக்கூடம். என் அம்மாவுக்குப் பாட ஓர் இடம் விட்டுவைத்தவர் பாட்டக்கா. நன்றி அக்கா. நான் தட்டிய கையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

7

நோட்டின் கடைசிப் பாட்டு, மூட்டுவலியால் அம்மா வேலையை விட்ட பிறகு கட்டியது. அதற்கும் ஒரு வரி சொல்லேன் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"அப்ப நான் எதிர்ல இல்லையே. யாரு முனையப் பிடிச்சிருக்காங்களோ அவங்கதான் பாடணும்."

அதனால் இந்தக் கதையை நான் முடிக்கப் போவதில்லை. இந்தத் தாளின் இரண்டு முனைகளும் இப்போது உங்கள் கையில்தான் இருக்கின்றன. பாட்டக்கா குனிகிறார்.

வந்த வழியக் கேக்காதீங்க
போற வழியச் சொல்லாதீங்க
முனைய மட்டும் விடாமப் பிடிங்க
____________________